கோடு இறங்காத தொட்டி

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் பல் தேய்ப்பதற்கு முன்னால் என் கடல் மீன் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. தொட்டிக்குப் பின்பக்கம் தடுத்து வைத்த சின்ன அறையில் நான் மார்க்கரால் போட்ட கோடு இருக்கிறது. தண்ணீர் எப்போதும் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். காலையில் பார்த்தால் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். வெயில் ஏற ஏற இன்னும் இறங்கும். காற்றில் போவது வெறும் தண்ணீர்தான், உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. ஊற்றாமல் விட்டால் மிச்சமிருப்பது கரித்துக்கொண்டே போகும். பவளம் சுருண்டுவிடும். ஆகவே நான் ஊற்றுகிறேன். காலையில், சாயங்காலத்தில், காய்ச்சல் வந்தாலும், விருந்தாளி வந்தாலும்.

பல் செட் செய்கிற எங்கள் லேபில் டாக்டரம்மா கூப்பிட்டார். "புது மெஷின் வாங்குறேன். கம்ப்யூட்டர்ல பல்ல வரைஞ்சா அதுவே வெட்டிக் குடுத்துடும். பயிற்சி வெளியூர்ல, ஏப்ரல் இருபதுலேர்ந்து பத்து நாள். போயிட்டு வர்றவங்கதான் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பு. நீ போறியா?"

இதற்காக எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறேன்! மெழுகையும் பிளாஸ்டரையும் சுரண்டிச் சுரண்டியே என் விரல் ரேகை தேய்ந்துவிட்டது. வாயைத் திறந்து நான் சொன்னது என்ன? "வீட்ல கேட்டுச் சொல்றேன் டாக்டர்."

வீட்டில் யாரைக் கேட்பது? கோமாளி மீனையா?

மாத முடிவுக்குள் பதில் வேண்டுமாம். நான் இல்லையென்றால் எதிர் மேசைக்காரர் போவார். அவர் இப்போதே பெட்டியைத் துடைத்து வைத்திருப்பார்.

மார்ச் 4, புதன்

என் கணவரிடம் சொன்னேன். "இதுக்குப் போயா யோசிக்கிறே? நான் ஊத்த மாட்டேனா?" என்றார்.

ஊற்றுவார். நன்றாகவே ஊற்றுவார். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஒரே ஒரு ராத்திரி தங்கினேன். உப்பைக் கரைத்து ஊற்றி வைத்திருந்தார். கேட்டதற்கு, "கடல் தண்ணிக்குக் கடல் தண்ணிதானே ஊத்தணும்?" என்றார். பவளம் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. தவிர, அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கேயாவது யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து ஓடுகிற ஆள். அவரை நம்பித் தொட்டியை விட முடியாது. இதை அவரிடமே சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப தானா ஊத்துற மெஷின் வாங்கு" என்றார்.

அட, ஆமாம்.

மார்ச் 7, சனி

வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். கீழ் வீட்டில் இருக்கிற என் நாத்தனார், அவருடைய அக்கா, படியில் மறித்து, "மீன் கடை மீன் கடைன்னு ஓடுறே, ஒரு நாளாவது சமைக்க ஒரு மீன் வந்திருக்கா?" என்றார். அண்ணிக்கு என் தொட்டியென்றால் அப்படி ஓர் இளக்காரம்.

கடைக்காரரை நான் மனசுக்குள் 'பாருங்க அண்ணன்' என்றுதான் கூப்பிடுவேன். பாருங்க இல்லாமல் அவருக்கு வாக்கியம் தொடங்காது. மூன்று விதம் எடுத்து வைத்தார். முதலாவது, கவிழ்த்த பாட்டிலும் ஒரு அடைப்பானும். கரண்டே வேண்டாம், ஆனால் அடைப்பானில் உப்புப் பூத்தால் மூடாது. இரண்டாவது, ஒரு மிதவை. தண்ணீர் இறங்கினால் மிதவையும் இறங்கும், பம்ப் ஓடும், ஏறினால் நிற்கும். மூன்றாவதில் மிதவை கிடையாது, ஒளியை வைத்துத் தண்ணீரைப் பார்க்கிற கண் இரண்டு. ஒரு கண் கோட்டில், இன்னொன்று அதற்குச் சற்று மேலே, காவலுக்கு. ரொம்ப நேரம் பம்ப் ஓடினால் தானே நிறுத்திவிட்டுக் கத்துமாம்.

"பாருங்க, எது வாங்கினாலும் கேன் பெருசா வாங்கிடுங்க. நிம்மதியா தூங்கலாம்" என்றார்.

ஒன்றும் வாங்காமல் வந்தேன். ஒரு பல்லுக்கு நிறம் பார்க்கவே ஜன்னலோரம் மூன்று தடவை போகிறவள் நான். இதைப் போய் அவசரத்தில் வாங்குவேனா?

மார்ச் 11, புதன்

இந்த மெஷின்களைப் பற்றி இணையத்தில் படித்துப் படித்துத் தலை கனக்கிறது. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொன்றுதான் உலகத்திலேயே சிறந்தது. வீடு முழுக்க வெள்ளம் வந்த படங்களை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 14, சனி

லேபிலிருந்து வந்தால் வீட்டில் மிதவை மெஷின் மாட்டியிருக்கிறது! பெரிய கேன் ஒன்று அலமாரிக்கு மேலே. அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், பரிசு வாங்க மேடைக்கு வந்த மாதிரி. "நீ ஒரு மாசம் யோசிப்பே. நான் ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டேன் பாரு."

கேட்காமல் வாங்கியதற்குக் கோபம் வந்தது. ஆனால் மிதவை இறங்கியதும் பம்ப் 'உம்' என்று முனகி, தண்ணீர் கோட்டுக்கு வந்து, அதுவே நின்றதைப் பார்த்ததும் எனக்கே கை தட்டத் தோன்றியது. தட்டவும் செய்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

மத்தியானம் ரெண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். போன் வந்தது. அண்ணி. "உங்க வீட்ல கடல் பொங்குது! என் கட்டில்ல சொட்டுது, மெத்தை நனைஞ்சு போச்சு. ஓடி வா!"

ஓடி வந்தோம். கூடம் முழுக்கத் தண்ணீர். கேன் காலி. தொட்டி விளிம்பு வரைக்கும் தளும்பி வழியுது. மிதவை மேலே ஏறித்தான் நிக்குது, பம்பும் நின்னுதான் இருக்கு — அப்புறம் எப்படி? எப்படி? அவரு சுவிட்சைத் தட்டித் தட்டிப் பாக்குறாரு. நான் உப்பு மீட்டரை வச்சுப் பாத்தேன். எங்கேயோ இறங்கிக் கிடக்கு. பவளம் விரலை எல்லாம் உள்ள இழுத்துக்கிட்டு கல்லு மாதிரி உக்காந்திருக்கு. கோமாளி மீன் ரெண்டும் மூலையில.

அண்ணி துடைப்பமும் வாளியுமாக மேலே வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. தண்ணீரை மட்டும் தள்ளிக்கொண்டேயிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 16, திங்கள்

விஷயம் புரிந்துவிட்டது. குழாயின் நுனியை அவர் நேற்றுக் காலை பின்னறைத் தண்ணீருக்குள் முக்கி வைத்திருந்தார், சத்தம் வராமல் இருக்க. கேனோ அலமாரி உச்சியில். குழாய்க்குள் காற்றுப் புக வழியில்லை. பம்ப் ஒரு தடவை இழுத்து விட்டதும் அது நின்ற பிறகும் தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது, கேன் காலியாகும் வரை. மெஷின் மேல் தப்பில்லை. மேலே இருப்பது கீழே வரும் என்பதை மறந்தவர், பகலெல்லாம் மேலேயும் கீழேயும் போகிற பெட்டிகளைப் பழுது பார்க்கிறவர்.

உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். ஒரேயடியாகச் சேர்த்தால் இருப்பதும் போய்விடும். லேபுக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பகலெல்லாம் உயிரில்லாத பல்லோடு உட்கார்ந்திருக்கிற எனக்கு, வீட்டுக்கு வந்ததும் அசைகிற இந்த ஒன்றுதான் ஆறுதல். அதையும் நானே கொன்றுவிடுவேனோ?

எதிர் மேசைக்காரரே போகட்டும். நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

சொல்லவில்லை. டாக்டரம்மா இன்று வரவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

மார்ச் 19, வியாழன்

பவளம் இரண்டு விரலை வெளியே நீட்டியிருக்கிறது! ரெண்டே ரெண்டு. கையெடுத்துக் கும்பிட்டேன். மீன்கள் சாப்பிடுகின்றன. பெரியவள் அவள் புருஷனை வழக்கம்போல் விரட்டுகிறாள். இந்த மீன்களில் பெண்தான் பெரிது, அவள் வைத்ததுதான் சட்டம். இவர் அதைப் பார்த்து, "எல்லா வீட்லயும் இதான் கதை" என்றார். சிரித்துவிட்டேன். மூன்று நாள் பேசாமல் இருந்தது அதோடு முடிந்தது.

கேனைத் தரையில் இறக்கி, குழாய் நுனியைத் தண்ணீருக்கு மேலே நிற்கும்படி கட்டியிருக்கிறோம். சொட்டுகிற சத்தம் கேட்கிறது. கேட்கட்டும்.

மார்ச் 21, சனி

மெஷின் ஒழுங்காக ஓடுகிறது என்று நேற்றுதான் நினைத்தேன். இன்று வந்து பார்த்தால் கோட்டுக்கு வெகு கீழே தண்ணீர். தொட்டியின் மோட்டார் காற்றை இழுத்துக் கடகடவென்று இருமுகிறது. கேனில் தண்ணீர் அப்படியே இருக்கிறது. குனிந்து பார்த்தால் — நத்தை! பின்னறைக்குள் எப்படியோ ஏறி, மிதவைக்கு அடியில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மிதவை இறங்க வழியில்லை. பாவி நத்தை. இரண்டு வருஷமாக உனக்குப் பாசி போட்டு வளர்த்தேனே.

சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன். "உங்க லிஃப்ட்ல ஒரே ஒரு சுவிட்சுதானா இருக்கும்?"

"சேச்சே. ஒண்ணு வேலை செய்யலேன்னா அடுத்தது நிறுத்தும். அதுவும் போச்சுன்னா பிரேக்கு தானா புடிச்சுக்கும். எது கெட்டாலும் பெட்டி நிக்கணும், ஓடக்கூடாது. ஊர்ல இருக்கிற உயிர் எல்லாம்..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். மிதவையைப் பார்த்தார். "சரி, தெரியாம வாங்கிட்டேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

மார்ச் 24, செவ்வாய்

இன்று லேபில் ஒரு பல் செட்டுக்கு அக்ரிலிக் மாவு கலந்துகொண்டிருந்தேன். அச்சுக்குள் எவ்வளவு போகுமோ அவ்வளவுதான் கலப்போம். கூடுதலாகக் கலந்தால் அது எங்கே போகும்? வெளியேதான் பிதுங்கும். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

கேன்! எல்லோரும் பெரிய கேன், பெரிய கேன் என்கிறார்கள். ஏன் பெரிசு? தொட்டியில் கோட்டுக்கு மேலே எவ்வளவு இடம் காலியாக இருக்கிறதோ, கேனில் அதைவிடக் குறைவாகத் தண்ணீர் இருந்தால்? கண் குருடாகட்டும், குழாய் முங்கட்டும், மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் இறங்கட்டும் — வழியாது. உப்பும் பவளத்தைக் கொல்லும் அளவுக்கு இறங்காது. இத்தனை நாளும் தப்பே செய்யாத மெஷினைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்று கிடையாது. தப்பு செய்தாலும் கெடுதல் செய்ய முடியாத மெஷின்தான் எனக்கு வேண்டும்.

"மாவு இறுகுதுங்க" என்றார் எதிர் மேசைக்காரர். இறுகிவிட்டது. மறுபடி கலந்தேன். சந்தோஷமாகக் கலந்தேன்.

மார்ச் 28, சனி

இரண்டு கண் உள்ளதை வாங்கிவிட்டேன். கூடவே கடையிலேயே சின்னக் கேன் எது என்று கேட்டேன். பாருங்க அண்ணனுக்கு மனசே வரவில்லை. "பாருங்க, இது மூணு நாளைக்குத்தான் வரும். நீங்க பத்து நாள் ஊருக்குப் போறேங்கிறீங்க."

"அதனாலதான் சின்னது" என்றேன். விளக்கினேன். கேனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முதன்முறையாக, பாருங்க இல்லாமல், "நாங்க இப்படி யோசிக்கலையே" என்றார். நடந்துதான் வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் உட்கார முடியாத அளவுக்குக் குஷி.

மூன்று நாளைக்கு ஒரு தடவை யார் நிரப்புவது? அது ஒன்றுதான் பாக்கி.

மார்ச் 30, திங்கள்

நத்தை மெஷினின் கண்மேல் ஒட்டிக்கொண்டால் கண் ஏமாந்துவிடும். ஆகவே கண்ணுக்கு ஒரு கூண்டு. இடைவேளையில் மெழுகில் செதுக்கி, அச்சு எடுத்து, பல் செட் செய்கிற அதே அக்ரிலிக்கில் வார்த்து, வேகவைத்து, மெருகு போட்டேன். மற்ற நிறம் எதுவும் இல்லாததால் ஈறு நிறம். எதிர் மேசைக்காரர் எடுத்துப் பார்த்தார். "இது யாரோட வாய்க்கு?"

"நத்தைக்கு" என்றேன். கூண்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

அக்ரிலிக்கிலிருந்து ரசாயனம் எதுவும் தொட்டித் தண்ணீரில் இறங்காமல் இருக்க இரண்டு நாள் ஊறவைத்து மாட்ட வேண்டும்.

மார்ச் 31, செவ்வாய்

கடைசி நாள். லேபுக்குப் போகுமுன் கீழே இறங்கி அண்ணி கதவைத் தட்டினேன். கேட்டேன். எதிர்பார்த்த மாதிரிதான்.

"என் கட்டில்ல ஊத்தினது போதாதா? இப்ப நானே வேற வந்து ஊத்தணுமா?"

"ஒரு நிமிஷம் மேல வாங்கண்ணி. பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

வந்தார். கையோடு துடைப்பம். நான் சின்னக் கேனை நிரப்பி இரண்டு கையாலும் தூக்கினேன். "மெஷின் முழுசா கெட்டுப்போச்சுன்னு வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்தேன். அண்ணி 'ஏய் ஏய்' என்று இரண்டடி பின்னால் போனார். தண்ணீர் ஏறியது. கோட்டைத் தாண்டியது. ஏறியது. விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அண்ணி. இதுக்கு மேல கெட முடியாது."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். "சாவியக் குடு" என்றார்.

கூடுதல் தண்ணீரை எடுத்துவிட்டு உப்பைச் சரிக்கட்டிவிட்டு லேபுக்குத் தாமதமாகத்தான் போனேன். நேரே டாக்டரம்மா அறை. "போறேன் டாக்டர்."

"வீட்ல என்ன சொன்னாங்க?"

"எல்லாரும் சரின்னுட்டாங்க." மீன் உட்பட என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஒத்திகை நடக்கிறது. நான் தொட்டியைத் தொடுவதில்லை என்று சபதம். அண்ணிதான் வந்து கேனை நிரப்புகிறார். வெறும் தண்ணீர், வடிகட்டியது, வேறொன்றும் கூடாது. உப்புப் பையைப் பூட்டி வைத்துவிட்டேன். சாவி என்னோடு வெளியூர் வரும். அவர் அந்தப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். யாருக்காகப் பூட்டு என்று அவருக்குத் தெரியும்.

நத்தை கூண்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே போக முடியவில்லை. பாவமாகக்கூட இருக்கிறது. இருக்கட்டும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ரயிலில் எழுதுகிறேன். பெட்டியில் துணியைவிடப் பயம்தான் அதிகம் இருக்கிறது. கிளம்பும்போது கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

மவுஸைப் பிடித்துப் பல் வரைகிறேன். கூட இருப்பவர்கள் எல்லாம் சின்ன வயசுக்காரர்கள், விரல் பறக்கிறது. ஆனால் கடைவாய்ப் பல்லின் பள்ளம் எங்கே ஆழம், எங்கே மேடு என்று அவர்கள் திரையில் தேடுகிறார்கள். எனக்கு அது கையில் இருக்கிறது. சொல்லித்தருகிறவர் என் பல்லைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். அடக்கமாக உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் குதித்தேன்.

ஏப்ரல் 25, சனி

வகுப்பு நடுவில் போன். அண்ணி. வெளியே ஓடி வந்து எடுத்தேன்.

"உன் மெஷின் சிவப்பா எரிஞ்சு கத்துதும்மா! நான் ஒண்ணும் பண்ணல!"

"தண்ணி எங்கே நிக்குது? கோட்டப் பாருங்க."

"கோட்டுக்கு ஒரு நூல் கீழே."

"தரையில?"

"தரை காஞ்சுதான் கிடக்கு."

கேனை நிரப்பும்போது உள்ளே இருக்கிற குட்டிப் பம்பை எடுத்து வெளியே வைத்தவர், திரும்பப் போட மறந்துவிட்டார். பம்ப் காற்றைத்தான் இறைத்திருக்கிறது. மெஷின் கொஞ்ச நேரம் பார்த்தது, தண்ணீர் ஏறவில்லை, சரி நிறுத்திக்கொள்வோம் என்று நிறுத்திவிட்டுக் கத்தியிருக்கிறது. எதற்காக அதைத் தேர்ந்தெடுத்தேனோ அதையே செய்திருக்கிறது! பம்பை உள்ளே போட்டுப் பொத்தானை அமுக்கச் சொன்னேன். 'உம்' என்ற சத்தம் எனக்கே போனில் கேட்டது.

"ஏறுதும்மா... ஏறுது... நின்னுடுச்சு! கோட்டுல கரெக்டா நின்னுடுச்சு!" அண்ணி குரலில் இப்படியொரு உற்சாகத்தை நான் கேட்டதே இல்லை. "இந்தக் கோமாளி மீன்ல பெரியவ என்னைப் பாத்தாலே மேல வந்துடுறா, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்து அவள் அப்படி வருவதில்லை. கொஞ்சம் பொறாமையாக இருந்தது. வகுப்புக்குத் திரும்பினேன்.

ஏப்ரல் 30, வியாழன்

வந்தாயிற்று. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உப்பு மீட்டரை எடுத்துப் பார்த்தேன். கிளம்பிய அன்று இருந்த அதே அளவு. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே. பவளம் விரல் எல்லாவற்றையும் நீட்டி ஆடிக்கொண்டிருக்கிறது, நான் போனதே தெரியாத மாதிரி. அவர் பின்னால் நின்று, "நான் ஒரு சொட்டுக்கூட ஊத்தல" என்றார், அவ்வளவு பெருமையாக.

ஜெயித்துவிட்டேன். வேறென்ன எழுதுவது? ஜெயித்துவிட்டேன்!

மே 4, திங்கள்

மெஷின் அறைச் சாவி என்னிடம். முதல் பல்லை வெட்டி எடுத்தபோது மொத்த லேபும் கண்ணாடிக்கு வெளியே நின்றது. எதிர் மேசைக்காரர்தான் முதலில் கை தட்டினார். அவருக்கும் கற்றுக்கொடுக்கப் போகிறேன்.

ஜூன் 18, வியாழன்

டாக்டரம்மா வேறொரு ஊரில் புது லேப் திறக்கிறாராம். "யாராவது ஒரு மாசம் அங்க தங்கி, ஆளுங்களுக்குச் சொல்லிக்குடுத்துட்டு வரணும்" என்றார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நான் போறேன் டாக்டர்" என்றேன்.

பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் தொட்டி ஞாபகம் வந்தது.